555 ஃபிளாஷர் கிட்: பாகங்கள் நல்லவை, விளக்கத் தாள்தான் கை கொடுக்கவில்லை

கேரளப் பள்ளி அறிவியல் கண்காட்சியான சாஸ்திரமேளா நெருங்கினால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வழிப் பிள்ளைகள் பாலக்காட்டுக் கடையில் வாங்கிவரும், எல்இடி விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பொட்டலம் இது. விலை 250 ரூபாய். உள்ளே 830 துளை பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை), நேரக்கணக்கு பார்க்கும் 555 ஐசி ஒன்று, 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்று, 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி), 103 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, சிவப்பு எல்இடி இரண்டு, 9 வோல்ட் பேட்டரி கிளிப், கொஞ்சம் வயர். பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

பாகங்களில் குறையில்லை. மதிப்புகளையும் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். 1972-இல் சிக்னெட்டிக்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்த 555, முதல் சுற்றுக்கு இன்றும் சரியான ஐசி. இந்த மதிப்புகளில் விளக்கு 0.54 நொடி எரிந்து 0.47 நொடி அணையும்; சுமார் நொடிக்கு ஒரு முறை. 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர் 20 சதவீதம் கூடக் குறைய இருக்கும் என்பதால் 0.8 முதல் 1.2 நொடி வரை வந்தால் கவலைப்பட வேண்டாம். பவர் கொடுத்ததும் முதல் தடவை மட்டும் கூடுதல் நேரம் எரியும். கெப்பாசிட்டர் அப்போது பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. அடுத்தடுத்த சுற்றில் பேட்டரி வோல்ட்டேஜின் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில்தான் ஏறி இறங்கும். பிழை என்று நினைத்து யாரும் பிரிக்க வேண்டாம்.

தாள்தான் சிக்கல். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் மட்டும் இருக்கிறது. ரெசிஸ்டரின் நிறத்தை மலையாளத்தில் 'தவிட்டு' என்று போட்டால், பழுப்பு என்று படித்த பிள்ளை தடுமாறும். அதைவிட மோசம் நம் பக்கத்துப் பேச்சு: நீலத்தையும் ஊதா என்பார்கள், வயலட்டையும் ஊதா என்பார்கள். ரெசிஸ்டர் மேல் மதிப்பைக் காட்டும் நிறக்கோட்டில் நீலம் 6, வயலட் 7. எனவே நிறத்தை வாயால் சொல்லித் தராமல், ரெசிஸ்டரைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்: நீலம், சாம்பல், ஆரஞ்சு என்றால் 68 கிலோ ஓம். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு 10 கிலோ ஓம். மஞ்சள், வயலட், பழுப்பு 470 ஓம். மல்டிமீட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இணைப்பு இதுதான். ஐசியின் பள்ளம் இடப்பக்கம் இருக்கும்படி, போர்டின் நடுக்கோட்டுக்குக் குறுக்கே செருகவும். கீழ் வரிசையில் இடது ஓரத்துக் கால் 1. அங்கிருந்து வலப்பக்கம் 4 வரை, பிறகு மேல் வரிசையில் வலது ஓரம் 5, இடது ஓரம் 8. 1 மைனஸ், 8 பிளஸ். 4-ஐ 8-உடன் சேர்க்கவும். தாள் இதை விட்டுவிட்டது. 4 என்ற ரீசெட் கால் எதிலும் சேராமல் தொங்கலில் இருந்தால் சுற்று நம்பி ஓடாது. 8-க்கும் 7-க்கும் இடையே 10 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம். 2-ஐயும் 6-ஐயும் வயரால் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட். பட்டை போட்ட கால் மைனஸ் பக்கம். 103 செராமிக் 5-க்கும் மைனஸுக்கும் இடையே. 3-இலிருந்து 470 ஓம், அதிலிருந்து எல்இடியின் நீளக்கால், குட்டைக்கால் மைனஸ்.

10 கிலோ ஓமையும் 68 கிலோ ஓமையும் இடம் மாற்றினால் விளக்கு எரியும் நேரம் மாறாது, அணையும் நேரம் மட்டும் 0.07 நொடியாகச் சுருங்கிவிடும். லேசாக நடுங்கிக்கொண்டே எரிவதுபோல் தெரியும். "விளக்கு அணையவே மாட்டேங்குது" என்று பிள்ளை சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். ஒன்றுமே எரியவில்லை என்றால் எல்இடி திரும்பியிருக்கலாம், அல்லது போர்டின் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். பல 830 துளை போர்டுகளில் அப்படித்தான், குறுக்கே ஒரு துண்டு வயர் போட்டால் போதும். பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஐசி சூடேறி, போனது போனதுதான். உதிரி ஐசி ஒன்று கூடவே வாங்கி வைப்பது நல்லது.

கிட்டில் வரும் வயர் பல இழை. துளையில் நிற்காது, மடங்கும், பக்கத்துக் காலைத் தொடும். ஒற்றைக் கம்பி 22 கேஜ் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி கிளிப்பின் வயர் நுனியில் கொஞ்சம் ஈயம் பற்றவையுங்கள்.

செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓடும், ஆனால் மங்கும். 3-ஆம் காலில் 3.3 வோல்ட் அளவுக்குத்தான் வரும். சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்ததுபோக 470 ஓமில் 3 மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. 150 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் பக்கம் வரும். நீலம், வெள்ளை எல்இடிகளுக்கே 3 வோல்ட் வேண்டும் என்பதால் 5 வோல்ட்டில் அவற்றை விட்டுவிடுங்கள்.

250 ரூபாய்க்குத் தாராளமாக வாங்கலாம், போர்டு அடுத்த பத்துச் சுற்றுக்கும் உதவும். கடைக்காரர் ஒரு பக்கத் தமிழ்த் தாளும், 4-ஆம் காலுக்கு ஒரு வரியும் சேர்த்தால், சொல்லித் தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளையும் தானே எரியவிட்டுவிடும்.