தீவா, பள்ளிக்கூடமா?

மர்ம நாவல் பக்கம் புதிதாக வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது? என் கையில் இரண்டு இருக்கின்றன.

1939-இல் வந்த அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' ஒன்று. இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு, அதில் பத்துப் பேர். சாப்பாட்டு மேஜையில் பத்துச் சின்ன பொம்மைகள். ஓர் ஆள் செத்தால் ஒரு பொம்மை குறையும். அடுத்த முறை மேஜையைப் பார்க்கும்போது நமக்கே எண்ணத் தோன்றும், வயிற்றைப் பிசையும். கொலையாளியின் மனசுக்குள்ளும் நம்மை அழைத்துப் போகிறார், ஆனாலும் பிடிபடாது. அந்தத் துணிச்சலுக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கேரன் மெக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017) வேறு ரகம். பள்ளி முடிந்தும் தண்டனையாக உட்காரவைக்கும் வகுப்பில் ஐந்து மாணவர்கள். ஒருவன் தண்ணீர் குடித்ததும் நிலக்கடலை ஒவ்வாமையால் இறக்கிறான். மிச்சம் நால்வரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். புதிரைவிட, வீட்டுக்குத் தெரியாமல் அவர்கள் மறைக்கும் ரகசியங்கள்தான் நம்மை இழுக்கும்.

முதலில் பள்ளிக்கூடத்தைக் கொடுங்கள். தீவு அடுத்த மாதம்.