கார்பன் ஃபைபருக்கு மோல்டு செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? 68,000 ரூபாயை இழந்தவன் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி நடந்தது இது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எதைப் பார்த்து மோல்டு வேலை கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ரேஸ் பைக்கின் பின்பக்கக் கவுலுக்கு, அதாவது பின்னால் மாட்டும் மூடிக்கு, ஒரு மோல்டு (அச்சு) தேவைப்பட்டது. விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், நடுவே காற்றுப் போகும் வழி. இதற்கு மோல்டு மூன்று துண்டாகக் கழல வேண்டும். இல்லாவிட்டால் பாகம் உள்ளே பூட்டிக்கொள்ளும். நான் போடுவது ரெசின் ஊறிய ப்ரீப்ரெக் துணி, அது க்யூர் ஆக, அதாவது இறுகிக் கெட்டியாக, 120 டிகிரி வேண்டும். அதனால் சூடு தாங்கும் எபாக்ஸி ரெசினில்தான் மோல்டு வேண்டும் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.

கோவையில் ஒரு ஃபைபர் பட்டறை. மூன்று வாரம் 1200 பேப்பர் வரை தேய்த்து மெருகேற்றிய என் பேட்டர்னை, அதாவது மோல்டு எடுப்பதற்கான மாதிரி வடிவத்தை, அந்த ஓனர் கையால் தடவிப் பார்த்தார். "தம்பி, இங்க ஒரு ஊசி ஓட்டை இருக்குதுங்க. பட்டி வச்சு அடைச்சிருங்க, இல்லீனா மோல்டுல அப்படியே விழும்" என்றார். என் கண்ணுக்கே படாத ஓட்டை! அந்த ஒரு நொடியில் நம்பிவிட்டேன். பாதி கொடுக்கப் போனவன் முழுப் பணம் 68,000 ரூபாயையும் அன்றே கொடுத்தேன்.

வந்தது இரண்டு துண்டு மோல்டு. கேட்டால் "இதுவே போதும் தம்பி, கழண்டு வந்துரும்" என்றார். ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஆயிற்றே, தலையாட்டினேன். பேட்டர்னின் ஓரமும் உடைந்திருந்தது. "அது சகஜந்தானுங்க" என்றார்.

நேற்று ஓவன் 90 டிகிரியைத் தொட்டபோதே குப்பென்று ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் நெடி. எபாக்ஸியில் அந்த நெடி வராது. அது அவ்வளவு சூடு தாங்காத பாலியெஸ்டர் ரெசின்! திறந்து பார்த்தால் மோல்டுத் துண்டுகள் சேரும் விளிம்பான ஃபிளாஞ்ச் முறுக்கிக்கொண்டு வாய் பிளந்து நிற்கிறது, துணியை அழுத்திப் பிடிக்கும் வேக்வம் போய்விட்டது, கவுல் உள்ளேயே பூட்டிக்கொண்டது. உளி வைத்தும் அசையவில்லை. பேட்டர்ன் உடைந்ததால் இன்னொரு மோல்டும் எடுக்க முடியாது.

காலையில் போன் செய்தேன். முதலில் "சூடு அதிகமா வச்சிருப்பீங்க". அப்புறம் "ரெசின் கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்". மூன்றாவது தடவை வேலைப் பையன் எடுத்து, ஓனர் வெளியூர் என்றான். மதியம் நேரில் போனேன். ஆள் உள்ளேதான் வேக்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பில்லு இருக்குதுங்களா?" இல்லை. 68,000 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட நான் வாங்கவில்லை.

சரி, கவனிக்க வேண்டியவை. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். ரெசின் கலக்கும் நாளில் போய் நின்று டப்பாவைப் பாருங்கள். துணி போடும் முன் வெறும் மோல்டை மெதுவாகச் சூடேற்றிப் பாருங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

திங்கட்கிழமை அந்த முறுக்கிய மோல்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போகிறேன்.