ஐரோப்பாவுக்குள் மாறும் விமானத்தில் முன்கூட்டியே சீட்: எந்த வழி கைகொடுக்கும்?

கோலாலம்பூரிலிருந்து லண்டனோ ஆம்ஸ்டர்டாமோ போய், அங்கிருந்து இன்னொரு ஊருக்கு மாறுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய விமானத்துக்குச் சீட் எண் வந்துவிடும். அடுத்த விமானத்துக்கு நேரே வெறும் கோடு இருக்கும். விற்றவரிடம் கேட்டால் ‘அது எங்கள் விமானம் இல்லை’ என்பார். அதில் பொய் இல்லை. டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் விமான எண் அச்சாகியிருந்தாலும், சீட் வரைபடம் விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் கையில்தான். எந்த வழி நல்லது என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் குறைந்த வழி, கடைசிவரை ஒரே நிறுவனத்தில் போவது. கேஎல்எம் கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறக்கிறது. அங்கிருந்து ஐரோப்பாவின் மற்ற ஊர்களுக்கும் அவர்களுடைய விமானமே. ஒரே பதிவுக் குறியீட்டில் (டிக்கெட் பதிவுக்குத் தரப்படும் ஆறு எழுத்துக் குறி) இரண்டு பயணங்களும் திறக்கும், இரண்டுக்கும் அங்கேயே சீட் எடுக்கலாம். கட்டணம் மட்டும் தனித்தனி. பணம் கட்டும் முன் இரண்டாவது விமானம் என்ன ரகம் என்று பாருங்கள். எம்ப்ரேயர் என்றால் வரிசைக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைதான், நடுச்சீட்டே கிடையாது. நடுச்சீட்டுக்குப் பயந்து அங்கே காசு கொடுப்பது வீண். போயிங் 737 என்றால் மூன்று மூன்று, அங்கே யோசிக்கலாம்.

அந்தப் பணத்தை நீண்ட பயணத்தில் முன்பக்க நடைபாதைச் சீட்டுக்குக் கொடுப்பது மேல். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஷெங்கன் ஊருக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஊர்) மாறுகிறவர் அங்கேயே குடிநுழைவைக் கடக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய நுழைவு முறையில் மலேசியக் கடப்பிதழ்காரர்களின் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. வரிசை நீளும்போது, முப்பது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அடுத்த விமானத்தையே தவறவிடலாம்.

கட்டணமே வேண்டாம் என்றால் கேஎல்எம்மின் இணையச் செக்-இன் 30 மணி நேரத்துக்கு முன் திறக்கும். இரவு 11 மணி விமானத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணி. திறந்தவுடன் உள்ளே போங்கள். மிச்சமிருப்பதில் நல்லவை முதலில் வருகிறவருக்கே.

அடுத்தது மலேசியா ஏர்லைன்சில் லண்டன், அங்கிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ். இரண்டும் ஒன்வேர்ல்டு கூட்டணி, டிக்கெட்டும் ஒன்றுதான். ஆனால் பதிவுக் குறியீடு இரண்டாக இருக்கலாம். மலேசியா ஏர்லைன்ஸ் குறியீட்டைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் போட்டுத் திறக்கவில்லை என்றால், மலேசியா ஏர்லைன்ஸை அழைத்து “பிரிட்டிஷ் ஏர்வேஸ் பக்கத்துக் குறியீடு என்ன?” என்று கேளுங்கள். ஆறு எழுத்துகள் தருவார்கள். கூடவே 13 இலக்க டிக்கெட் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். 232 என்று தொடங்கினால் டிக்கெட்டை வெளியிட்டது மலேசியா ஏர்லைன்ஸ். 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். 074 என்றால் கேஎல்எம். டிக்கெட்டை மாற்றவோ திருப்பவோ யாரிடம் போக வேண்டும் என்பதை இந்த மூன்று இலக்கங்களே சொல்லிவிடும்.

இங்கே நம் ஆட்களுக்கென்றே ஒரு தடை உண்டு, பெயர். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை; நடுவில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) அல்லது ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) இருக்கும். டிக்கெட்டில் சாய்கோடு குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கிற குறி என்பதால், ‘ஏ/எல்’லை ஏஜெண்டு ‘ஏஎல்’ என்று ஒட்டியிருப்பார், அல்லது விட்டிருப்பார். தளம் ‘பதிவு கிடைக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பினால் குறியீட்டைச் சந்தேகிக்கும் முன் பெயரைப் பாருங்கள். மின்டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை அப்படியே, இடைவெளி இல்லாமல், குடும்பப் பெயர் கட்டத்தில் போடுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் முன்கூட்டிய சீட்டுக்குக் கட்டணம் உண்டு. மலேசியா ஏர்லைன்சின் என்ரிச் பயணர் திட்டத்தில் கோல்டு, பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு டிக்கெட் எடுத்ததிலிருந்தே இலவசம்; சில்வருக்கு 7 நாள் முன்னால். உறுப்பினர் எண் பதிவில் ஏறியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மற்றவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன் இலவசமாகத் திறக்கும். லண்டனில் கோடைக்காலக் காலை 9 மணி விமானம் என்றால், நமக்கு முந்தைய நாள் மாலை 4 மணி. நீங்கள் கோலாலம்பூரில் விமானம் ஏறுகிற அதே நாள். பினாங்கிலிருந்து வருகிறவர் அந்நேரம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் காத்திருக்கலாம், கைத்தொலைபேசியில் முடித்துவிடுங்கள். முதல் பயணம் வேறு நிறுவனம் என்று தளம் மறுத்தால் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) கவுண்டரில் இரண்டு போர்டிங் பாஸையும் சேர்த்துக் கேளுங்கள். லண்டன் ஹீத்ரோவில் மலேசியா ஏர்லைன்ஸ் 4ஆம் முனையம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் 5ஆம் முனையம்; இடைவெளி மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்சில் பிராங்பர்ட் போய் லுப்தான்சாவில் மாறுகிறவர்களுக்கும் இதே இரட்டைக் குறியீட்டுக் கதைதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஏஜெண்டிடம் எடுப்பதில் ஒரு பலம் உண்டு: நேர அட்டவணை மாறினால் அழைக்க ஓர் ஆள் இருக்கிறார். சீட் கேட்டுப் போட்டதாக அவர் சொன்னால், “எச்கே ஆகிவிட்டதா?” என்று கேளுங்கள். எச்கே என்றால் உறுதி. எச்என் என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. யுசி என்றால் மறுத்துவிட்டார்கள். கட்டணச் சீட்டுக்கு டிக்கெட்டைத் தவிர இஎம்டி (கூடுதல் சேவைக்குப் பணம் கட்டியதற்கான மின் ஆவணம்) என்கிற தனி 13 இலக்க எண் வர வேண்டும். மலிவு டிக்கெட் தளங்களில் சீட்டுக்கென்று பணம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பல நேரம் அது வெறும் விருப்பக் குறிப்பு. கிடைக்காவிட்டால் பணம் திரும்பவும் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும்.

தனி டிக்கெட்டாக ரயான்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவு விமானம் எடுப்பது நேரெதிர்: சீட் உறுதி, இணைப்பு உறுதியில்லை. ரயான்ஏரில் சீட் வாங்கினால் 60 நாள் முன்பே செக்-இன் செய்யலாம். வாங்காவிட்டால் 24 மணி நேரம் முன்புதான், கிடைக்கிற இடம்தான். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஒரு பெரியவர் சீட் வாங்கியே ஆக வேண்டும். பக்கத்தில் பிள்ளைக்கு இலவசம். கோலாலம்பூர் விமானம் தாமதமானால் டிக்கெட்டும் சீட்டும் போயின, யாரும் பொறுப்பில்லை. நடுவில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு மட்டுமே இது சரி.

எந்த வழியில் எடுத்த சீட்டும் பறிபோகலாம். ஏ320க்குப் பதில் சிறிய ஏ319 வந்தால் பின்வரிசைகளே இல்லை. பிசினஸ் வகுப்பு நிரம்பினால் நகரும் திரை பின்னுக்குத் தள்ளப்பட்டு முன்வரிசை எகானமி சீட்டை விழுங்கும். டிக்கெட்டை மாற்றி வெளியிடும்போது சீட்டும் இந்து சைவ உணவுக் குறிப்பும் சேர்ந்தே உதிரலாம். அப்படியானால் இரண்டையும் மறுபடி கேட்டுப் போட வேண்டும்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி அந்த உதவி இலவசம். துணைக்கு வருபவரைப் பக்கத்தில் உட்காரவைக்க நிறுவனம் இயன்றவரை முயல வேண்டும். கோரிக்கையை இரண்டு நிறுவனங்களின் பதிவிலும் தனித்தனியே பாருங்கள். மலேசியா ஏர்லைன்சில் போட்டது அடுத்த நிறுவனத்துக்குத் தானாகப் போயிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.