வெயில் ஆண்டு போர்தோ: செய்தித்தாள் சுற்றிய மூன்று பாட்டில்கள்

பிரான்ஸின் வைன் வட்டாரமான போர்தோவில் வேலை பார்க்கும் நண்பர் வீட்டு மேஜையில் மூன்று வைன் பாட்டில்கள் இருந்தன. மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி, கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, 1, 2, 3 என்று எழுதி வைத்திருந்தார். உள்ளே என்னென்ன என்று எல்லோருக்கும் தெரியும், எது எந்த எண் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேர் பணம் போட்டு வாங்கியவை. தனி ஆளாக வாங்குகிற விலை இல்லை.

பிறகு தெரிந்த வரிசைப்படி, முதலாவது பொயாக் ஊரின் 2022ஆம் ஆண்டு வைன். போர்தோ வைன் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்த 1855 தரவரிசையில் ஐந்தாம் படியில் இருக்கும் தோட்டம். ஐந்தாவது என்றதும் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். செவ்வைனுக்காக அந்தப் பட்டியலில் இன்று இருப்பவை மொத்தமே 61 தோட்டங்கள். கடைசிப் படியில் உள்ள 18இல் 12 பொயாக் என்கிற ஒரே ஊரில் இருக்கின்றன. மூன்றாவது பாட்டில் அதே தோட்டத்தின் 2021. இரண்டாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம், வலது கரையில் இருக்கும் சான்-தெமிலியோன், அதுவும் 2022.

2022 போர்தோவில் சுட்டெரித்த ஆண்டு. மழை குறைவு, வெயில் அலைமேல் அலை. ஜூலையில் அந்த வட்டாரத்துப் பைன் காடுகளில் 20,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 2021 நேர் எதிர். ஏப்ரலில் உறைபனி தளிர்களைக் கருக்கியது, அப்புறம் மழையும் பூஞ்சையும். சர்க்கரை போதாமல் திராட்சைச் சாற்றில் சர்க்கரை சேர்த்து நொதிக்கவிட்ட தோட்டங்கள் பல. அடுத்த ஆண்டே சர்க்கரை மிஞ்சிப் போகுமோ என்று கவலைப்பட்டார்கள்.

முதல் சுற்றில் எல்லோரும் கை தூக்கியது 2க்குத்தான். கண்ணாடிக் கிண்ணத்தைச் சாய்த்தால் நாவல்பழச் சாறு மாதிரி விளிம்பு வரை கருநீலம். மூக்கருகே கொண்டுபோகும்போதே பழுத்த பிளம், கொஞ்சம் உலர்திராட்சை, ஓக் பீப்பாயின் வனிலா வாசனை. வாயில் வைத்தால் இனிக்கிறது. ஆனால் அதில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. பழுத்த பழத்தின் சுவையும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்குக்குக் காட்டுகிற போக்குதான் அது. பிறகு லேபிளைப் பார்த்தோம், 14.5 சதவீதம். ஐரோப்பிய விதிப்படி லேபிள் எண் அரை சதவீதம் முன்பின் இருக்கலாம். எனவே உள்ளே 15 இருந்தாலும் சட்டப்படி தப்பில்லை.

1இன் வாசனை மூடிக்கிடந்தது. பழத்தைத் தேட வேண்டியிருந்தது. முதலில் வந்தது பென்சில் சீவிய வாசனை. விழுங்கியபின் ஈறு முழுக்க இழுத்துப் பிடித்தது, நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு தடித்துப்போகுமே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் டானின் என்று பெயர் வைத்து விளக்கம் சொல்லியாக வேண்டிய சுவைக்கு நம்மிடம் துவர்ப்பு என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. அறுசுவையில் ஒன்றாகவே அதை எண்ணியவர்களுக்கு இளம் பொயாக் புரியாமல் போகாது.

3ஐப் பார்த்து ஒருவர், “என்ன, தண்ணி மாதிரி இருக்கு?” என்றார். நிறம் வெளிர். சிவப்பு முந்திரிப்பழம் மாதிரி ஒரு புளிப்பு, லேசாகப் பச்சைக் குடமிளகாய் வாசனை. 13 சதவீதம். ஓட்டு விழவில்லை.

வெயில் திராட்சைக்குள் இரண்டு வேலை பார்க்கிறது. சர்க்கரையை ஏற்றுகிறது, அதுதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. கூடவே மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்க்கிறது, புளிப்பு இறங்குகிறது. வறட்சியில் மணிகள் சிறுத்துப் போவதால் சாற்றுக்குத் தோல் அதிகம், நிறமும் துவர்ப்பும் ஏறும். இதை எந்தத் திராட்சை தாங்கும் என்பதில்தான் இரண்டு கரைகளும் பிரிகின்றன. சான்-தெமிலியோனின் மெர்லோ சீக்கிரம் பழுப்பது. வெயில் ஆண்டில் அது பழுப்பதில் முந்தி ஓடிவிடும், பறிக்க நாலு நாள் தாமதித்தால் ஜாம்தான். பொயாக்கின் கபர்னே சோவின்யோன் தடித்த தோலோடு நிதானமாகப் பழுக்கும். குளிர் ஆண்டுகளில் அது பழுக்குமா என்றே பயப்படுவார்கள், வெயில் ஆண்டு அதற்கு வரம். வலது கரையிலும் சுண்ணாம்புப் பாறை மேல் நிற்கும் தோட்டங்கள், கபர்னே ஃப்ரான் என்கிற திராட்சையைக் கூடுதலாகச் சேர்ப்பவை தப்பிக்கின்றன. பெயரைவிட அடிமண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெயில் ஆண்டு வைன் பற்றிய சண்டை புதிதல்ல. 2003 கோடையில் ஐரோப்பாவே வெந்தது. 2004 வசந்தத்தில் பீப்பாயிலிருந்து ருசி பார்த்தபோது சான்-தெமிலியோனின் ஷத்தோ பாவி தோட்டத்து வைனுக்கு ஆங்கிலேய வைன் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 கொடுத்தார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதையே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இருவரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். (தமிழில் எழுதினால் அந்தத் தோட்டத்தின் பெயர் பாவி என்று விழுவதற்கு நான் பொறுப்பல்ல.) அதே 2003இல் எதிர்க்கரையில், பொயாக்குக்கு வடக்கே சான்-தெஸ்தேஃபில் ஷத்தோ மோன்ரோஸ் பற்றி இந்த அளவுக்குச் சச்சரவு எழவில்லை. அங்கே சரளைக்குக் கீழே இருக்கும் களிமண் ஈரம் பிடித்து வைத்தது, ஜிரோந்து கழிமுகக் காற்றும் கை கொடுத்தது.

2003ஐயும் 2022ஐயும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 2003இல் பழத்துக்கு வெயில் படட்டும் என்று வழக்கம்போல இலையைக் கிள்ளிவிட்டவர்கள் ஆகஸ்டில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது இலையை நிழலுக்கு விட்டுவைக்கிறார்கள், முன்னதாகப் பறிக்கிறார்கள், தோலிலிருந்து சாரத்தை மெதுவாக இறக்குகிறார்கள். எங்கள் 1இல் அந்த நிதானம் தெரிந்தது. அத்தனை துவர்ப்புக்கு அடியிலும் ஒரு புளிப்பு நரம்பு ஓடியது.

ஒரு மணி நேரத்தில் அறைச் சூட்டுக்கு 2 கனத்துவிட்டது. முகர்ந்தால் பழத்துக்கு முன் ஸ்பிரிட் நெடி வந்து நின்றது. செவ்வைனை அறைச் சூட்டில் குடி என்று சொன்னவர்கள் மனதில் இருந்தது பழைய ஐரோப்பியக் கல்வீட்டின் குளிர். வெயில் ஆண்டு வைன் என்றால் 16, 17 டிகிரி போதும், இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 1க்குக் குளிரைவிடக் காற்றுதான் தேவைப்பட்டது. அகலக் குடுவையில் ஊற்றி மூன்று மணி நேரம் விட்ட பிறகு கறுப்புத் திராட்சையும் தேவதாரு மரமும் மெல்ல வெளியே வந்தன.

சாப்பாட்டுக்கு ஆட்டுத்தொடை. பொயாக் ஆட்டுக்குட்டி அங்கே பேர் போனது. துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறள்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் வந்ததும் அதன் பிடி அங்கே போகிறது, 1 சட்டென்று இளகியது. நண்பர் ஆசைக்குக் கொஞ்சம் மிளகு தூக்கலாகப் போட்டிருந்தார். அதோடு 2ஐக் குடித்தால் தொண்டை எரிந்தது. காரமும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும்.

யாராவது கேட்டால் என் பதில் இதுதான். பத்துப் பதினைந்து வருஷம் வைக்க இடமும் பொறுமையும் இருந்தால் 2022 பொயாக்கை வாங்கி மறந்துவிடுங்கள், இன்று திறப்பது வீண். இன்றைக்கே விருந்து, வருகிறவர்களுக்கு வைன் பழக்கமில்லை என்றால் 2022 சான்-தெமிலியோன் ஒரு கிண்ணம் வரை அசத்தும், இரண்டாவது கிண்ணத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இன்றிரவுச் சாப்பாட்டுக்கு என்றால் யோசிக்காமல் 2021. பேர் எடுக்காத ஆண்டு என்பதால் அதே தோட்டத்தின் 2022ஐவிட விலையும் குறைவு.

மறுநாள் சாயங்காலம் மிச்சத்தை ருசி பார்க்கலாம் என்று நான்கு பேரும் திரும்பக் கூடினோம். 1 முதல் நாளைவிட நன்றாக இருந்தது. 2 தட்டையாகி, உலர்திராட்சை மட்டும் மிஞ்சியிருந்தது. 3ஐத் தேடினேன். செய்தித்தாள் சுற்றியபடியே சிங்க் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், முந்தைய இரவே காலி.