முழங்கால் வலியும் ஒரு பைக் ஃபிட்டும்: மூன்று மாதங்களுக்குப் பிறகு

வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் சென்று திரும்புவது என் வழக்கம். பதின்மூன்றரை மணி நேர வரம்புள்ள 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, போட்டியல்லாத நெடுந்தூரப் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ள எண்ணி, வாரத்துக்கு 100 கிலோமீட்டராக இருந்த தூரத்தை ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டினேன். மூன்றாவது வாரத்தில் வலது முழங்காலின் முன்புறம், சில்லுக்குப் பின்னால் என்று சொல்லத்தக்க இடத்தில், மந்தமான வலி தொடங்கியது. நான் எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஆனாலும் மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலி கூடியது.

சாலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வரும் காயங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நிமிடத்துக்கு 85 முறை பெடலைச் சுற்றினால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 5,100 முறை மடங்கி நீள்கிறது. இருக்கையின் உயரத்தில் உள்ள சிறு பிழை, ஒரு சுற்றில் தெரியாவிட்டாலும், நான்கு மணி நேரப் பயணத்தில் இருபதாயிரம் முறை அதே இடத்தை அழுத்துகிறது. எலும்பும் தசைநாணும் தம்மைச் சீர்செய்துகொள்ளும் வேகத்தைவிட நாம் சுமையைக் கூட்டும் வேகம் அதிகமாகும்போது வலி தொடங்குகிறது.

இரண்டு வாரம் ஓய்வெடுத்து, இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, தசைநார்க் கிழிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, தென்சென்னையில் உள்ள பைக் ஃபிட் நிலையம், அதாவது ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்பச் சைக்கிளின் அளவுகளைச் சரிசெய்து தரும் இடம், ஒன்றுக்குச் சென்றேன். 7,000 ரூபாய் கட்டணம். மூன்று மணி நேரம் ஆனது. இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது.

முதல் ஒரு மணி நேரம் சைக்கிளை அவர்கள் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என்னைப் படுக்க வைத்துப் பின்தொடைத் தசையின் இறுக்கத்தையும், இடுப்பின் அசைவையும், இரு கால்களின் நீளத்தையும், பாதத்தின் வளைவையும் பார்த்தார்கள். அதன் பிறகே சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் குறியிட்டு, மிதிக்கச் சொல்லிக் காணொளி எடுத்தார்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. எனக்கோ 41 பாகை இருந்தது. சைக்கிள் வாங்கிய கடையில் இடுப்பு எலும்பை இருக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்து உயரத்தை முடிவுசெய்திருந்தார்கள், நானும் அதை அப்படியே விட்டிருந்தேன். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே விசை கொடுக்க வேண்டியிருப்பதால், சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது.

கவட்டிலிருந்து தரை வரையிலான உள்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கி, பெடல்கள் சுழலும் மைய அச்சிலிருந்து இருக்கை வரையிலான உயரத்தைக் கணக்கிடும் வழி பலருக்கும் தெரிந்திருக்கும். என் 80 சென்டிமீட்டருக்கு அது 70.6 என்று வரும். என் பின்தொடை இறுக்கத்தைக் காரணம் காட்டி, ஃபிட்டர் 70.1 சென்டிமீட்டரில் நிறுத்தினார். அதாவது 17 மில்லிமீட்டர் உயர்வு. அதையும் ஒரே நாளில் செய்யாமல், அன்று 8 மில்லிமீட்டரும் இரண்டு வாரம் கழித்து மீதியும் உயர்த்தச் சொன்னார். இந்த நிதானம் முக்கியமானது, ஏனென்றால் வலி தாங்காமல் இருக்கையைத் தாமாகவே ஒரேயடியாக உயர்த்திவிடும் நண்பர்கள் சிலர், முழங்காலின் பின்புற வலியையோ குதிகால் நாண் வலியையோ வாங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். காலணியின் அடியில் இருந்து அதைப் பெடலோடு பூட்டும் கிளீட்டுகளில், அசைவே இல்லாத சிவப்பு வகையை மாற்றி, 6 பாகை வரை குதிகாலைத் திருப்ப இடம் தரும் ஷிமானோவின் மஞ்சள் கிளீட்டுகளைப் பொருத்தியதும் என் வலது பாதம் தன் இயல்பான கோணத்துக்குத் திரும்பியது.

இந்த மாற்றங்களைவிடப் பெரிதாக நான் மதிப்பது, ஃபிட்டர் சொன்ன ஓர் உண்மையை. தூரத்தைக் கூட்டிய விதம் மாறாவிட்டால் இந்த அளவுகள் எதுவும் உதவாது என்று, பணம் வாங்குவதற்கு முன்பே அவர் சொன்னார். தூரத்தைப் பாதியாகக் குறைத்து, கனமான கியரைத் தவிர்த்து, ஆறு வாரம் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்த பிறகு, வலி இல்லாமல் 100 கிலோமீட்டர் ஓட்டினேன். இதில் ஃபிட்டின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கைகளின் விஷயத்தில் சேவை எனக்கு நிறைவளிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவதைச் சொல்லியிருந்தேன். உள்ளங்கையின் ஓரத்தில் அல்நார் நரம்பு அழுந்துவதால் வருவது அது. இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்ததைச் சமன்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். கைப்பிடியைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் என்ற தண்டு என் சைக்கிளில் நீளமாக இருந்தது, அதை மாற்றிப் பார்க்க நேரம் இல்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்துச் செய்ய வேண்டிய மறுபரிசோதனைக்குத் தனியாக 1,500 ரூபாய் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உடல் புதிய அளவுக்குப் பழகிய பிறகு திருத்துவதும் இந்தச் சேவையின் பகுதியே என்பதால், அதை முதல் கட்டணத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்.

வலி கடுமையாக இருக்கும்போது அங்கே போக வேண்டாம். வலியைத் தவிர்க்க உடல் கோணலாக மிதிக்கும், அந்தக் கோணலுக்கே அளவும் எடுக்கப்படும். வழக்கமாக அணியும் காலணியையும் பேட் வைத்த அரைக்கால் சட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுவதற்கு முன், பழைய இருக்கை உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.