‘10,000 லக்ஸ்’ ஒளிப் பலகை: வாங்கும் முன் ஸ்கேலும் கடிகாரமும் எடுங்கள்

தூக்க நேரத்தைச் சரிசெய்யும், உடல் கடிகாரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் என்று சொல்லி விற்கப்படும் விளக்குகளில் இப்போது அதிகம் கண்ணில் படுவது, டேப்லெட் அளவில் மெலிசாக இருக்கும் எல்இடி பலகைதான். பெட்டியில் 10,000 லக்ஸ் (ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் என்பது கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். சின்ன ரகத்துக்கு அது பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ.

இதில்தான் சிக்கலே. 20 செ.மீ. விட்டமுள்ள, சீராக ஒளிரும் பலகை 15 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 30 செ.மீ.யில் சுமார் 3,250, 60 செ.மீ.யில் 900கூட வராது. முகத்துக்கு 15 செ.மீ. முன்னால் விளக்கை வைத்தால் நடுவில் தட்டும் வைக்க முடியாது, புத்தகமும் விரிக்க முடியாது. எனவே வாங்கியவர் எல்லாருமே அதைத் தள்ளித்தான் வைப்பார்கள். ஏறக்குறைய 30 × 40 செ.மீ. பரப்புள்ள பெரிய பலகை 30 செ.மீ.யில் 10,000 தந்தால், 45 செ.மீ.க்குத் தள்ளினாலும் 5,000க்கு மேல் நிற்கும். மேசையில் இடத்தை அடைக்கும், பார்க்கவும் அழகில்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

10,000 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. பருவகால மனச்சோர்வுக்கான தொடக்ககாலச் சோதனைகளில் 2,500 லக்ஸ் முன் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். நேரத்தைக் குறைக்கத்தான் ஒளியைக் கூட்டினார்கள். நடைமுறைக் கணக்கு இது: 10,000 என்றால் 30 நிமிடம், 5,000 என்றால் 1 மணி நேரம், 2,500 என்றால் 2 மணி நேரம். சின்னப் பலகையை 30 செ.மீ.யில் வைத்து அரை மணியில் எழுந்துவிட்டால், கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

லக்ஸைவிட முக்கியமான ஒன்றைப் பற்றிக் கையேடுகள் வாயே திறப்பதில்லை: எந்த நேரத்தில் போடுவது. மூளையின் ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதிதான் உடலின் தலைமைக் கடிகாரம். மனிதர்களில் அதன் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளி உணர் நிறமி உள்ள செல்கள் அனுப்பும் ஒளிச் செய்திதான் அதைத் தினமும் திருத்துகிறது. எந்தப் பக்கம் திருத்தும் என்பது வேளையைப் பொறுத்தது. உடல் வெப்பநிலை மிகக் குறையும் கட்டம், இயல்பாக விழிப்பதற்கு 2 – 3 மணி நேரம் முன்பு வரும். அதற்குப் பின் படும் ஒளி கடிகாரத்தை முன்னே இழுக்கும், அதாவது தூக்கமும் விழிப்பும் சீக்கிரமாகும்; அதற்கு முன் படும் ஒளி பின்னே தள்ளும், இரண்டும் தாமதமாகும்.

இயல்பாகக் காலை 9 மணிக்கு விழிப்பவருக்கு அந்தக் கட்டம் 6 – 7 மணிவாக்கில். அவர் ‘சீக்கிரம் எழப் பழக வேண்டும்’ என்று அலாரம் வைத்து 5 மணிக்கு எழுந்து விளக்கு முன் உட்கார்ந்தால், அது உடலுக்குப் பின்னிரவு வெளிச்சம்தான். மறுநாள் தூக்கம் இன்னும் தாமதமாக வரும். ‘ஒரு வாரம் போட்டேன், மோசமாகிவிட்டது’ என்று புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விளக்கின் மேல் குற்றமில்லை. முதல் நாள் 9 மணிக்கே தொடங்கி, ஓரிரு நாளுக்கு ஒருமுறை 30 நிமிடம் முன்னே நகர்த்த வேண்டும். படுக்கும் நேரத்தையும் கூடவே நகர்த்த வேண்டும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பிருந்தே அறை விளக்குகளை மங்க வைக்காவிட்டால் காலையில் சம்பாதித்தது இரவில் கரைந்துவிடும். மாலை 7 மணிக்கே கண் சொக்கி விடிகாலை 3 மணிக்கு விழித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு எல்லாம் தலைகீழ்: அவர்கள் முன்மாலையில் போட வேண்டும்.

வெறும் நீல ஒளி மாடல்கள் தேவையில்லை. மெலனாப்சின் 480 நானோமீட்டர் சுற்றிய நீலத்துக்கு அதிகம் அசையும் என்பது உண்மைதான். ஆனால் 4,000 – 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும்) வெள்ளை ஒளியிலேயே அந்த நீலம் தாராளமாக இருக்கிறது, கண் கூசுவதும் குறைவு. 2,700 கெல்வின் மஞ்சள் ஒளி வேண்டாம். அதே லக்ஸில் கடிகாரத்துக்குப் போய்ச் சேருவது 6,500 கெல்வினில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

வாங்கியதும் பார்க்க வேண்டியவை சில. டிம்மரைப் பாதியாகக் குறைத்து, போன் கேமராவின் ஸ்லோமோஷனில் பாருங்கள். பட்டைகள் ஓடினால் மினுக்கம் இருக்கிறது, தலைவலி வர வாய்ப்புண்டு. சில மாடல்கள் கடைசியாக வைத்த வெளிச்ச அளவை நினைவில் வைத்திருக்கும். யாரோ குறைத்து வைத்ததிலேயே நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டு மேல்நோக்கிச் சாயாத வகை என்றால் அடியில் இரண்டு தடித்த புத்தகம் வையுங்கள். ஒளி கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து, பக்கவாட்டில் சாய்வாக வர வேண்டும். விழித்திரையின் கீழ்ப்பாதிதான் இந்த வேலைக்குக் கூடுதலாக உதவுகிறது. விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. சாதாரணக் கண்ணாடி போட்டிருக்கலாம், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். புற ஊதாக் கதிர் தடுக்கப்பட்டிருப்பதாக எழுத்தில் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.

விடியல் போல மெல்ல ஒளிரும் அலாரம் விளக்குகளை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். மூடிய இமை பெரும்பகுதி ஒளியைத் தடுத்துவிடும். உள்ளே போகும் கொஞ்சமும் சிவப்புதான். எழுவதை இதமாக்கும், அவ்வளவே.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஒளி மனநிலையை மிகைக் கிளர்ச்சிக்குத் தள்ளக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளி உணர்திறனைக் கூட்டும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மற்றவர்களில், விழித்த கையோடு அரை மணி நேரம் வெட்டவெளியில் நடக்க முடிகிறவர்களுக்கு இந்தப் பலகையே வேண்டியதில்லை. மேகமூட்டப் பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸுக்குக் குறையாது. வீட்டுக்குள் சில நூறு கிடைத்தாலே அதிகம். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள், நீண்ட குளிர்கால இருட்டில் வாழ்கிறவர்கள், ஜன்னலில்லாத அறையில் பகலைக் கழிக்கிறவர்கள் வாங்கலாம், பெரிய ரகமாகப் பார்த்து.