நாகர்கோவிலில் நடக்கும் அமெரிக்கத் துப்பாக்கிக் கடை ஆவணப் பயிற்சி: சேரலாமா?

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடியில், மாலை வகுப்பாக நடக்கிறது இந்தப் பயிற்சி. குறைகளும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை, ஊர்க்காரர்களுக்கு இடத்தைச் சொன்னாலே தெரியும். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இரவு ஷிப்டில் ஆவணம் சரிபார்க்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி இது. அதில் துப்பாக்கிக் கடைகளின் ஆவணங்களுக்குத் தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள், நான் சேர்ந்ததும் அதற்காகத்தான். நான் வேலை பார்க்கும் இடத்துக்கு அந்தக் கடைகளின் படிவங்கள் ஸ்கேனாக வரும். ஒரு கட்டத்தில் தப்பாக டிக் விழுந்திருந்தால் அங்கே அந்தக் கடையின் லைசென்ஸுக்கே ஆபத்து வரலாம், அதனால் இதை அரைகுறையாகப் படித்துவிட்டு உட்காரக் கூடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசீவர், அதாவது துப்பாக்கியின் மற்ற பாகங்கள் வந்து பொருந்தும் நடு உறுப்பு, அதைப் பற்றிய வகுப்புக்காக மட்டுமே கட்டிய பணம் தகும். ஆனால் அச்சிட்ட நோட்ஸ் பழையது, மாநிலச் சட்டங்களை ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள்.

சொல்லித் தரும் சார் இந்த வேலையைப் பல வருடம் பார்த்தவர். ஃபார்ம் 4473-ஐ, அதாவது அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசுப் படிவத்தை, திரையில் பெரிதாகப் போட்டு அதிலிருந்துதான் பாடத்தையே ஆரம்பிக்கிறார். "மக்களே, முதல்ல பொருள் என்னன்னு பாருங்க, அப்புறம் வாங்குற ஆள் எந்த மாநிலத்துக்காரன்னு பாருங்க, கடை எங்க இருக்குன்னு கடைசியாப் பாத்தாப் போதும்." இந்த வரிசையை அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு முதலில் சலிப்பாக இருந்தது, வேலையில் உட்கார்ந்து படிவங்களைப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

பலருக்கும் குழம்புவது இங்கேதான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையில் லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகிய நமக்கு, கடை இருக்கிற ஊரின் சட்டம் அனுமதித்தால் போதும் என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் துப்பாக்கிக்கு அப்படிக் கிடையாது. 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாங்குகிறவரின் சொந்த மாநிலத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. கைத்துப்பாக்கி என்றால் வெளிமாநிலக் கடைக்காரர் அதை நேரடியாகக் கையில் கொடுக்கவே கூடாது. பணத்தைக் கட்டலாம், பொருளோ வாங்குகிறவரின் மாநிலத்தில் இருக்கும் லைசென்ஸ் கடைக்குப் போய், அங்கே படிவம் நிரப்பி, எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைக்கு வரும். அந்தச் சோதனை முறை 1998 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. நீளத் துப்பாக்கிகளான ரைஃபிள், ஷாட்கன் இரண்டுக்கும் மட்டும் ஒரு தளர்வு உண்டு. வெளிமாநிலக் கடையில் நேரில் போய் வாங்கலாம், ஆனால் கடை இருக்கும் மாநிலம், ஆள் இருக்கும் மாநிலம் இரண்டின் சட்டமும் அந்த விற்பனைக்கு இடம் கொடுக்க வேண்டும். 1986-க்கு முன்னால் இந்தத் தளர்வு பக்கத்து மாநிலங்களோடு நின்றிருந்தது, அந்த வருடச் சட்டத் திருத்தம்தான் அதை விரித்தது.

இனி ரிசீவர். சார் திரையில் ஏஆர்-15 என்ற ரைஃபிளின் லோயர் ரிசீவர், அதாவது கீழ்ப் பகுதி ரிசீவரின் படத்தைப் போட்டார். உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக ஒரு கருப்பு உலோகத் துண்டு. குழல் கிடையாது, தோளில் வைக்கும் கட்டை கிடையாது, விசை உறுப்புகள் உட்காரும் இடம் வெறும் பள்ளமாக இருக்கிறது. மேகசின் செருகும் பகுதியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பொறித்திருந்தது. தோட்டா போட்டுச் சுடவே முடியாத அந்தத் துண்டுதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. மேல் பகுதி, குழல், கட்டை எல்லாம் மத்தியச் சட்டப்படி வெறும் உதிரிப் பாகங்கள்.

பிறகு ஒரு மாதிரிப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். டென்னசி மாநிலத்துக்காரர் ஜார்ஜியாவில் ஒரு கடைக்குப் போகிறார், ஒரு லோயர் ரிசீவர் கேட்கிறார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நீளத் துப்பாக்கி என்ற கட்டத்தில் டிக் போட்டு, விற்கலாம் என்று எழுதினார்கள். இரண்டுமே தப்பு. வெளிமாநிலத்தவருக்கான தளர்வு ரைஃபிளுக்கும் ஷாட்கனுக்கும் மட்டும்தான். தோளில் வைத்துச் சுடும்படி செய்திருந்தால்தான் சட்டப்படி அது ரைஃபிள். ரிசீவர் துப்பாக்கிதான், ஆனால் ரைஃபிளும் கிடையாது ஷாட்கனும் கிடையாது, படிவத்தில் அது 'மற்றவை' என்ற கட்டத்தில் போகும். ஆகவே ஜார்ஜியாக் கடைக்காரர் அதை டென்னசியில் இருக்கும் ஒரு லைசென்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டும், நேரில் கொடுக்கக் கூடாது.

குலசேகரத்திலிருந்து வரும் ஒரு தம்பி எழுந்து, "முழு ரைஃபிளையே கையில கொடுக்கலாம், அதுல பாதிய மட்டும் கொடுக்கக் கூடாதா, இது என்ன நியாயம் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பல இடங்களில் இதற்கு "ரூல் அப்படித்தான், எழுதிக்கோ" என்ற பதில்தான் கிடைக்கும். இவர் சட்டப் பிரிவின் வாசகத்தையே திரையில் போட்டு, அந்தத் தளர்வில் இரண்டே இரண்டு பெயர்கள் இருப்பதைக் காட்டினார். வயதும் அதனால்தான் மாறுகிறது. லைசென்ஸ் கடையில் ரைஃபிளும் ஷாட்கனும் வாங்க 18 போதும், மற்ற எல்லாவற்றுக்கும் 21 என்று சட்டம் எழுதியிருக்கிறது, ரிசீவர் அந்த மற்றவையில் விழுகிறது. தோளில் வைக்கும் கட்டையே இல்லாமல் வெறும் கைப்பிடியோடு கம்பெனியிலிருந்து வரும் பம்ப் துப்பாக்கிகளும் இதே கணக்குதான், பார்த்தால் ஷாட்கன் மாதிரியே இருக்கும், சட்டப்படி அது ஷாட்கன் இல்லை. இதெல்லாம் புரிந்த பிறகு படிவத்தில் கண் தானாக அந்தக் கட்டத்துக்குப் போகிறது.

குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கல் பற்றியும் நன்றாகச் சொன்னார். ஓர் அப்பா ஒஹையோவில் இருந்துகொண்டு டெக்சாஸில் குடியிருக்கும் மகனுக்குத் தன் கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுக்க நினைத்தாலும், அது மகனின் மாநிலத்துக் கடை வழியாகத்தான் போக வேண்டும். உயில் மூலமோ வாரிசு உரிமையாகவோ வருவதற்கு விலக்கு உண்டு, வேட்டை, குறி சுடுதல் போன்ற விளையாட்டுக்காகச் சில நாள் இரவல் கொடுப்பதற்கும் உண்டு.

நம்ம மாவட்டத்தில் பல வீட்டில் அமெரிக்காவில் ஓர் ஆள் இருப்பார் என்பதால் இதையும் எழுதுகிறேன். வேலை விசாவில் இருப்பவர்கள், எச்1பி உட்பட, பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. அங்கே வாங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வகுப்பில் ஓர் அக்கா இதைக் கேட்டதும் உடனே டல்லாஸில் இருக்கும் தன் கொழுந்தனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நண்பரோடு சேர்ந்து சுடும் பயிற்சி, கடை என்று அந்தத் தம்பி சுற்றிக்கொண்டிருந்தாராம். இப்படி வீட்டுக்கும் பயன்படுகிற பாடம் என்பதால்தான் இதை இன்னும் கவனமாக நடத்த வேண்டும் என்று கேட்கிறேன்.

குறைகள். நோட்ஸ் 2022-க்கு முன்னால் அச்சடித்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 24 முதல் ஃப்ரேம், ரிசீவர் இரண்டின் விளக்கத்தையே, துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான ஏடிஎஃப் மாற்றி எழுதியது. ஃப்ரேம் கைத்துப்பாக்கிக்கு, ரிசீவர் மற்றவற்றுக்கு என்று பிரித்தார்கள், வீட்டில் முடித்துக்கொள்ளும்படி விற்கும் அரைகுறை கிட்டுகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச் 26-இல் ஏழுக்கு இரண்டு என்று விதி நின்றது. நோட்ஸில் இதில் ஒரு வரி கிடையாது. படிவங்களைக் கடை 20 வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் அதில் இருக்கிறது, இப்போது கடையை மூடும் வரை வைத்திருக்க வேண்டும். சார் வாயால் இதையெல்லாம் திருத்திச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தேர்வுத் தாள் பழைய நோட்ஸை வைத்தே எடுத்தது! சரியான விடை எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது, கேட்டதற்கு ஆபீசில் "அடுத்த பேட்சுக்கு மாத்திருவோம்" என்றார்கள். பணம் கட்டி, தக்கலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வேலை முடிந்து ஓடி வந்து, ராத்திரி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, இரண்டு மாநிலச் சட்டமும் பொருந்த வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லிவிட்டு, மாநிலச் சட்டங்களை ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள். இல்லினாய்ஸ்காரர் என்றால் துப்பாக்கி வைத்திருக்க அந்த மாநிலம் தரும் ஃபாய்டு அட்டை வேண்டும், கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு, அதோடு சரி. வேலையில் தினமும் தேவைப்படுவது இந்தப் பகுதிதான். மாநிலச் சட்டங்களைத் தொகுத்து ஏடிஎஃப் வெளியிடும் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது, அதை எப்படிப் புரட்டுவது என்று ஒரு மாலை உட்கார்த்திக் காட்டியிருந்தாலே பெரிய உதவி. ஈஸி செக் தளத்தில் லைசென்ஸ் எண்ணின் முதல் மூன்று இலக்கமும் கடைசி ஐந்து இலக்கமும் போட்டு, அனுப்பப் போகும் கடை உண்மையானதா என்று பார்ப்பதை மட்டும் பொறுமையாகச் செய்து காட்டினார்கள். அது அருமை.

இடம் பரவாயில்லை. மின்விசிறி சத்தத்தில் பின் வரிசைக்குக் குரல் சரியாகக் கேட்காது, முன்னால் உட்காருங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம்.

சேரலாமா என்றால், சேரலாம். சேருவதற்கு முன் ஆபீசில் இரண்டு கேள்வி கேளுங்கள்: 2023 ஆகஸ்டில் திருத்திய படிவத்தை வைத்துத்தான் பாடம் நடக்குமா, தேர்வுத் தாளை மாற்றிவிட்டார்களா. இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லி அதைக் காட்டவும் செய்தால் முதல் தவணையைக் கட்டுங்கள்.